ஃபைலில் ஏறாத வெளிச்சம்

பென்டிரைவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தேன். சிலுவைச் சங்கிலியோடு சிக்கிக்கொண்டு கிடந்தது. சென்னையின் ஒரு பெரிய அரங்கத்தில், கடைசி வரிசைக்கும் மேலே இருந்த கண்ணாடி அறையில், வருண் என்கிற இளைஞர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். சிக்கெடுத்துக் கழற்றிக் கொடுத்தேன்.

"தேங்ஸ்க்கா" என்றார். கண் முழுக்கத் திரையில் இருந்தது.

ஏசி குளிர் முழங்காலில் ஏறியது. மேடை விளக்குகளை இயக்கும் புதுக் கன்சோலிலிருந்து பிளாஸ்டிக் வாசனை வந்துகொண்டிருந்தது. அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வருண், இன்னொன்றில் அவருடைய உதவியாளர். நான் கதவோரமாகச் சாய்ந்து நின்றேன். காஞ்சிபுரத்திலிருந்து விடியற்காலை வேனில் கிளம்பி வந்த கால்கள் உட்காரச் சொல்லிக் கெஞ்சின.

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், நாடகத்துக்கு லைட் போடுவதில் எழுத அப்படி என்ன இருக்கிறது என்று. நியாயமான கேள்வி. எனக்கும் அந்தச் சந்தேகம் அவ்வப்போது வரும். இந்த ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அவரே முடிவு செய்யட்டும்.

ஈஸ்வரி

எங்கள் ஊர் தென்னேரி. தாத்தா வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அப்பா வாலாஜாபாத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தார். வீட்டில் எப்போதும் வார்னிஷ் வாசனை. நான் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் கண்காட்சிக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். வேலைக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில் சீரியல் செட் கட்டும் கடை ஒன்றில் சேர்ந்தேன். காஞ்சிபுரத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கோயிலில் உற்சவம் இருக்கும், வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு கோயில் வாசலில் மூங்கில் சாரத்தின் மேல் உட்கார்ந்து மயில் ஒன்றைப் பல்பு பல்பாகக் கட்டிக்கொண்டிருந்தேன். தோகை விரிந்து மூடுகிற மாதிரி ஓட்டம் வைத்தது நான். கீழே வந்து நின்ற பெரிய மனிதர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "யாருப்பா அந்தப் பொண்ணு, பேர் இன்னா?" என்று கேட்டார்.

கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஈஸ்வரிங்க" என்றார்.

என் பேர் எஸ்தர். அந்தப் பத்து நாளும் நான் ஈஸ்வரியாக இருந்தேன். ஈஸ்வரி கட்டிய மயிலை ஊரே போட்டோ எடுத்தது. கூலி வாங்கும்போதும் "இந்தாம்மா ஈஸ்வரி" என்றுதான் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வாயைத் திறந்தேனா என்று கேட்டால், இல்லை. இது என் பழைய வியாதி. கோபம் வரும்போதெல்லாம் என் வாய் பூட்டிக்கொள்ளும். இன்றைக்குச் சொல்லப்போகிற கதையும் அந்த வியாதியின் கதைதான்.

கதவு நாடகம்

காஞ்சிபுரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ராஜமாணிக்கம் சார் ஒரு நாடகக் குழு நடத்தினார். ஒரு தடவை அவர்களுக்கு ஃபோகஸ் லைட் கட்டப் போனவள் அப்படியே ஒட்டிக்கொண்டேன். ஆறேழு வருஷங்களில் வயர் இழுப்பவளிலிருந்து ஒளியமைப்பாளராக ஆனேன். சார் எங்கிருந்தோ ஒரு பழைய லைட் கன்சோலை வாங்கிப் போட்டார். அதன் முன்னால் உட்கார்ந்த முதல் நாள் நான் சாப்பிட மறந்துபோனேன்.

குழுவில் கற்பகம் என்று ஒருத்தி. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம். காலையில் தறி, சாயங்காலம் ஒத்திகை. கைவிரலில் சரிகை அறுத்த கோடுகளோடுதான் மேடைக்கு வருவாள். அவள் புருஷன் ஏகாம்பரம் நல்ல மனிதர், ஆனால் நாடகம் பார்க்க மட்டும் வரமாட்டார். "நீ போ, நான் வேணாங்கல. நாலு பேர் நடுவுல குந்திக்கினு உன்னைப் பாக்க என்னால முடியாது" என்பாராம். கற்பகம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

எங்கள் நாடகத்தின் கதை சின்னது. பிறந்த வீட்டில் பங்கு கேட்டு ஒரு பெண் வருகிறாள். கதவு சாத்தியிருக்கிறது. நாடகம் முழுக்க அவள் அந்தக் கதவின் முன்னால்தான். கெஞ்சுகிறாள், திட்டுகிறாள், பழைய கதை பேசுகிறாள். கடைசியில் ஜனங்களைப் பார்த்துத் திரும்பிப் பதினோரு வரி பேசுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போது கதவு திறக்கிறது. மேடையில் கதவு அசையாது. திறந்த கதவிடுக்கு வழியாக வருகிற மாதிரி, இடப்பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் மெல்ல வந்து அவள் முகத்தில் ஏறும். அந்த வெளிச்சம்தான் கதவு.

நீ உடல், நான் கரை

வெளிச்சம் மாறுகிற ஒவ்வொரு இடத்துக்கும் எங்கள் தொழிலில் க்யூ என்று பேர். எந்த விளக்கு, எவ்வளவு பிரகாசம், எத்தனை வினாடியில் என்று கன்சோலில் ஏற்றி வைத்துவிட்டால் ஒரு பட்டனை அமுக்க அமுக்க ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கள் நாடகத்தில் எண்பத்து நாலு க்யூ. எல்லாம் சேர்ந்தது ஷோ ஃபைல்.

எண்பத்தோராவது க்யூதான் அந்தக் கதவு. அதற்கு எட்டு வினாடி வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. கற்பகம் அந்த வரிகளை ஒரு நாள் பேசியது போல் மறுநாள் பேசமாட்டாள். சில நாள் மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில் ஒரு மூச்சு, சில நாள் மூன்று மூச்சு.

"எஸ்தரு, லைட்டு எனக்கு முன்னாடியே வந்து நிக்குது. நான் இன்னும் மூச்சே வுடல" என்றாள்.

"அப்ப நீ ஒரே மாதிரி பேசு."

"தெனம் ஒரே மாதிரியா அழுவ முடியும்?"

அன்று சார் ஊரில் இல்லை. நாங்கள் இரண்டு பேருமாக ஒரு வழி கண்டுபிடித்தோம். பட்டனை அமுக்கினால் அதுவரை இருந்த நீல வெளிச்சம் இறங்கி மேடை இருட்டாகும், அது வலது கை. மஞ்சளைத் தனியே, விரலால் தள்ளி ஏற்றி இறக்குகிற ஒரு ஸ்லைடரில் வைத்துக்கொண்டேன், அது இடது கை. கற்பகம் மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் ஏற்றுவேன். அவள் நிறுத்தினால் நிறுத்துவேன்.

"இது நம்ம கோர்வை மாதிரி இருக்குது" என்றாள் கற்பகம். புடவையின் உடலை ஒருத்தர் நெய்ய, கரைக்கு வேறு நிறத்தைப் பக்கத்திலிருந்து இன்னொருத்தர் கோத்துக் கொடுக்கிற நெசவு அது. தறியில் இரண்டு பேர் வேண்டும். "நான் ஒடம்பு, நீ கரை. ஒருத்தர் வுட்டாலும் புடவை இல்ல."

கன்சோலில் தமிழ் ஏறாது. அதனால் எண்பத்தோராவது க்யூவுக்கு இங்கிலீஷ் எழுத்தில் 'கோர்வை' என்று பேர் அடித்து வைத்தேன். திரும்பி வந்த சார் பார்த்துவிட்டு, "இப்பதாம்மா டைமிங் சரியா வச்சிருக்க" என்றார். நாங்கள் இருவரும் அவரைத் திருத்தவில்லை. எங்களுக்குள் இருக்கட்டும் என்று ஒரு சின்னச் சந்தோஷம்.

பாதிதான் தாண்டும்

ஒரு கம்பெனிக் கன்சோலின் ஃபைல் இன்னொரு கம்பெனிக் கன்சோலில் திறக்காது. வெளியூர் அரங்கம் ஒவ்வொன்றிலும் ஒரு கன்சோல் இருக்கும், ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஃபைலை வெறும் எழுத்தும் எண்ணுமாக மாற்றி எடுத்துக்கொண்டு போனால் அடுத்த கன்சோல் அதைப் படித்துக்கொள்ளும். விளக்கு எண், பிரகாசம், வினாடி எல்லாம் வந்துவிடும். ஸ்லைடரில் வைத்தது வராது. அதை அங்கே போய்க் கையால் மறுபடி வைக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை.

வேலூர், பாண்டிச்சேரி, திருவண்ணாமலை என்று போன இடமெல்லாம் அந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்திருக்கிறேன். டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

கொரோனாவெல்லாம் ஓய்ந்து அரங்கங்கள் திறந்த பிறகு சென்னையிலிருந்து பெரிய அழைப்பு வந்தது. சார் துள்ளினார். ஒரு வாரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எஸ்தர், அங்க அவங்க ஆளுதான் லைட்டு பண்ணுவாராம். ஃபைல மட்டும் கேக்கறாங்க."

"நான் சார்?"

"நீயும் வாம்மா. ஒன் வேல எங்கயும் போவல. அதான் ஃபைல்ல இருக்குதில்ல."

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ஒளியமைப்பு: வருண். கீழே பொடி எழுத்தில் உதவி என்று நாலு பேர், அதில் நான் மூன்றாவது. ஈஸ்வரி என்று போடாமல் விட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வாரம் கற்பகம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஏகாம்பரம் வருவதாகச் சொல்லிவிட்டார். பெரிய அரங்கம், டிக்கெட்டில் மனைவி பேர் எல்லாம் பார்த்து மனசு மாறியிருக்கிறது. "கடைசில கதவு தொறக்கும், நல்லாப் பாருன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் மேடையில்கூடப் பார்த்ததில்லை.

கண்ணாடி அறை

அன்று காலை பத்து மணி வாக்கில் வருண் பென்டிரைவைச் செருகினார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடி முடிந்தது.

"எயிட்டி ஃபோர். எல்லாம் வந்துடுச்சு" என்று உதவியாளரின் கையைத் தட்டினார்.

நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். வரிசையாக எண்கள். எண்பத்தொன்றில் 'கோர்வை'. அதன் நேரம், நீலம் இறங்குவது, எல்லாம் பத்திரமாக வந்திருந்தது. கன்சோலின் இடப்பக்கம் ஸ்லைடர்கள் அத்தனையும் விளக்கெரியாமல் காலியாகக் கிடந்தன. வர வேண்டியது வரவில்லை, வராது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அது சத்தியம்.

அப்போது சார் உள்ளே வந்தார். வருண் என்னைத் தாண்டி அவரிடம் கேட்டார்: "சார், இதுல மேனுவலா ஏதாச்சும் பண்ற மாதிரி இருக்கா?"

"அதெல்லாம் இல்லப்பா. எல்லாம் ஃபைல்லயே இருக்குது. இதுவரைக்கும் இவங்க பட்டன அமுக்கிக்கினு வந்தாங்க, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலியாகச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பாசமாகச் சிரித்தார்.

என் வாய் பூட்டிக்கொண்டது.

மேடையில் வேறு ஒரு விழாவின் அலங்காரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குத்தான் எங்களுக்கு விட்டார்கள். விளக்குகளைத் திருப்பி நிறுத்தவே நேரம் போய், ஒத்திகை பாதி நாடகத்தோடு நின்றது. கடைசிக் காட்சியை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஐந்தரை மணிக்கு வருண் வந்து, "அக்கா, பூத்துல ரெண்டு பேருக்குத்தான் எடம். நீங்க முன்னாடி வசதியா உக்காந்து பாருங்க" என்றார். அப்போதும் சொல்லியிருக்கலாம். எனக்கு வேண்டியதெல்லாம் பத்து நிமிஷம். "சரிப்பா" என்றேன்.

நான் என்ன நினைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நடைபாதையை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். எண்பத்தொன்றில் அவர்கள் முழிப்பார்கள். ஆள் ஓடி வரும். எஸ்தர் எங்கே, எஸ்தரைக் கூப்பிடு என்பார்கள். நான் எழுந்து, அவசரமில்லாமல், அந்தப் படிகளில் ஏறிப் போவேன். அதற்காகவே செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு வரி

கற்பகம் அன்று மிக நன்றாகச் செய்தாள். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஏகாம்பரம் வெள்ளைச் சட்டையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி. அவள் திரும்பினாள். முதல் வரி, இரண்டாவது வரி. நீலம் இறங்கியது. மேடை கறுத்தது. மூன்றாவது வரியை முடித்து மூச்சை இழுத்தாள்.

வெளிச்சம் வரவில்லை.

நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் அவள் என்னைத்தான் தேடினாள். அரங்கத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த இடம் அது. என் இடது கை நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பூத்திலிருந்து யாரும் ஓடி வரவில்லை. வருணுக்கு அது இருட்டாகவே இருக்க வேண்டிய க்யூ. ஃபைலில் அப்படித்தான் இருந்தது.

என்னையறியாமல் பாதி எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க மேடம், மறைக்குது" என்றார் பின்னாலிருந்தவர். மறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. உட்கார்ந்தேன்.

கற்பகம் மீதி எட்டு வரிகளையும் இருட்டில் பேசி முடித்தாள். குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது. பிறகு அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

விளக்குகள் எரிந்ததும் வராந்தாவில் ஏகாம்பரம் மனைவியிடம் மெதுவாகக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "கதவு தொறக்கும்னு சொன்னியே. தொறக்கவே இல்லியேமா. உன் மொகமே தெரியல."

"அது அப்படித்தான்" என்றாள் கற்பகம். மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே நடந்துபோனாள். அதற்குப் பிறகு ஏகாம்பரம் எந்த நாடகத்துக்கும் வரவில்லை.

பத்திரிகையில் விமர்சனம் வந்தது. கதவைத் திறக்காமலே விட்ட துணிச்சல், முகம் மறைத்துக் குரலை மட்டும் நிற்க வைத்த ஒளியமைப்பு என்று வருணைப் புகழ்ந்திருந்தார்கள். வருண் எனக்கு போன் செய்து, "உங்க ஃபைல்தான்க்கா, நான் ஒண்ணுமே பண்ணல" என்றார். அந்த ஆள் உண்மையைத்தான் சொன்னார். ராஜமாணிக்கம் சார் மட்டும், "என் மனசுலயும் ரொம்ப நாளா அப்படித்தான் இருந்துச்சு" என்று குழுவைக் கூட்டிச் சொன்னார். கதவு இனித் திறக்காது என்று முடிவாயிற்று.

தறியில் அவள்

நாடகம் முடிந்த மறுநாள் காலையே கற்பகம் வீட்டுக்குப் போயிருந்தேன். தறியில் இருந்தாள். ஊடுநூல் கோத்த நாடா குறுக்கே போய் வந்துகொண்டிருந்தது. கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அந்த ஸ்லைடரு அங்க வரலன்னு நீ முன்னாடியே பாத்தியா?"

"இல்ல."

"அதான. பாத்திருந்தா வுட்டிருப்பியா நீ." இறங்கிப் போய் எனக்கு காபி கொண்டுவந்து கொடுத்தாள். "நீ கெடந்து வருத்தப்படாத. உன்னையும்தான் வெளிய குந்த வச்சிட்டானுங்க."

அந்தக் காபியை முழுக்கக் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று இன்றைக்கும் எனக்கே ஆத்திரமாக வருகிறது. என்னைச் சின்னவளாக்கியது சாரும் அழைப்பிதழும். நான் பழி வாங்கியது கற்பகத்தை. அவர்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

நாடகம் இன்னமும் நடக்கிறது. ஊர்களில் நான்தான் லைட். வருணின் ஃபைலைத் திரும்ப எங்கள் பழைய கன்சோலுக்கு மாற்றி ஏற்றியவளும் நான்தான். எண்பத்தொன்றில் பட்டனை அமுக்குவேன், இருட்டாகும். மூன்றாவது வரி முடிந்ததும் கற்பகம் இன்றைக்கும் ஒரு மூச்சு நிறுத்துகிறாள். எதற்கு என்று சார் கேட்டதில்லை.

இந்தத் தொடரை ஏகாம்பரம் வாராவாரம் வாங்குகிறார். கற்பகம் நெய்துகொண்டிருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுவாராம். போன வாரம்கூட அவளே சொன்னாள், உன் எழுத்துல எல்லாம் அப்படியே இருக்குது எஸ்தரு, ஒண்ணு வுடல நீ என்று.

ஏகாம்பரம் அண்ணே, அடுத்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பார்த்தேன் கற்பகம். காலையிலேயே பார்த்தேன்.